ஜப்பானியப் பச்சை குத்தும் கலையைப் பார்க்கக் கற்றுக்கொள்வது எப்படி?

ஜப்பானிய முழுமுதுகுப் பச்சை ஒன்றை முதன்முதலாகப் பார்ப்பவர்களின் கண் நேராக டிராகனின் முகத்துக்குப் போகும். மீசை, பல், நகம் எல்லாவற்றையும் பார்த்து வியந்துவிட்டு அடுத்த படத்துக்குத் தாவிவிடுவார்கள். அந்த வேலையின் உயிர் பெரும்பாலும் முகத்தில் இருப்பதில்லை. டிராகனுக்குப் பின்னால் கறுப்பாக ஓடும் காற்றில், அந்தக் காற்று தோளைத் தாண்டி மார்புக்குத் திரும்பும் இடத்தில், பச்சை முடிந்து வெறும் தோல் தொடங்கும் ஓரத்தில் இருக்கிறது. எந்த வரிசையில் பார்த்தால் இவையெல்லாம் கண்ணுக்குப் பிடிபடும் என்பதைக் கீழே தருகிறோம்.

சில பெயர்கள் முதலில். மரபான பெரிய வேலையை ஹோரிமோனோ என்பார்கள். இரெசுமி என்பது பொதுவாகப் புழங்கும் சொல். எடோ காலத்தில் (17 முதல் 19ஆம் நூற்றாண்டு வரை) குற்றவாளிகளின் கையில் தண்டனையாகக் குத்திய பட்டைக்கும் அதே சொல் வழங்கியதால், கலைஞர்களில் பலர் அதை விரும்புவதில்லை. குத்துபவர் ஹோரிஷி. இயந்திரம் இல்லாமல் கையால் குத்தும் முறை தெபோரி. இந்த நான்கும் தெரிந்தால் தொடங்கிவிடலாம். வடக்குத் தீவான ஹொக்கைடோவின் ஐனு பழங்குடிப் பெண்கள் உதட்டில் குத்திக்கொண்ட பச்சையும், ஒகினாவாப் பெண்களின் கைப்பச்சையான ஹஜிச்சியும் வேறு மரபுகள். அவற்றை இந்த அளவுகோலால் பார்க்கக் கூடாது.

எந்தப் படத்தை எடுத்துக்கொள்வது

ஒரே ஒரு படம் போதும், ஆனால் சரியான படமாக இருக்கவேண்டும். கழுத்தடி முதல் தொடை வரை முழு முதுகும் தெரியவேண்டும். அந்த நபர் நேராக நின்று கைகளைத் தொங்கவிட்டிருக்கவேண்டும். பச்சை நன்றாக ஆறியிருக்கவேண்டும்.

இந்த மூன்றாவதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். இணையத்தில் அதிகம் பரவுவது குத்தி முடித்த அதே நாளில் எடுத்த படங்கள். அப்போது தோல் சிவந்து வீங்கியிருக்கும், கறுப்பு மினுமினுக்கும், எல்லாக் கோடுகளும் கூர்மையாகத் தெரியும். அந்தப் படத்தில் சுமாரான வேலைக்கும் மேலான வேலைக்கும் வித்தியாசம் காண்பது கடினம். ஆறிய பிறகு மேல்தோலின் கீழ் மை அமர்ந்து, கறுப்பில் இலேசாக நீலம் கலந்துவிடும். நிறம் ஒட்டாத இடங்கள் திட்டுத்திட்டாகத் தெரியத் தொடங்கும். ஐந்து வருடம், பத்து வருடம் ஆன பச்சையின் படம் கிடைத்தால் இன்னும் நல்லது. தங்களுடைய பழைய வேலைகளைத் தயங்காமல் காட்டும் கலைஞரை நம்பலாம்.

முதல் படி: தள்ளி நின்று பாருங்கள்

படத்தைத் திரையில் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்குங்கள். நேரில் என்றால் மூன்று மீட்டர் தள்ளி நில்லுங்கள். அந்தத் தூரத்திலேயே முதுகில் இருப்பது டிராகனா, மீனா, வீரனா என்று தெரியவேண்டும். தெரியாமல் கருமையும் சாம்பலுமாகக் கலங்கியிருந்தால், அருகில் போகும்போது எவ்வளவு நுணுக்கம் இருந்தாலும் அமைப்பு தோற்றுவிட்டது என்று பொருள்.

இந்தக் கடுமைக்குக் காரணம் இருக்கிறது. தோலில் மை நாற்பது ஐம்பது வருடம் இருக்கப்போகிறது. அத்தனை காலத்தில் ஒவ்வொரு கோடும் சற்றே தடிக்கும், நெருக்கமான கோடுகள் ஒன்றோடொன்று சேரும். இதை அறிந்த மரபு என்பதால்தான் ஒரு முதுகுக்கு ஒரே பெரிய பொருள் என்று வைத்தார்கள். அந்த முதன்மைப் பொருளை ஷுதாய் என்றும், சுற்றி வரும் பூ, இதழ், இலை போன்றவற்றைக் கெஷோபோரி என்றும் சொல்கிறார்கள். இரண்டும் சம உருவத்தில் சண்டை போட்டுக்கொண்டிருந்தால் அது பலவீனமான வேலை.

அதே தூரத்தில் உடலின் எந்தெந்தப் பகுதி மூடப்பட்டிருக்கிறது என்பதையும் கவனியுங்கள். கை முழங்கைக்கு மேலேயே நின்றால் கோபு, அதாவது பத்தில் ஐந்து. முன்கையின் நடுவரை வந்தால் ஷிச்சிபு, பத்தில் ஏழு. மணிக்கட்டு வரை போனால் ஜூபு, பத்துக்குப் பத்து. மார்பின் மேல் திரும்பி வரும் பகுதி ஹிகாயே. உடல் முழுவதும் குத்தியும், மார்பிலிருந்து அடிவயிறு வரை நடுவில் ஒரு பட்டையை வெறும் தோலாக விட்டால் அது முனேவாரி. மேலங்கியை முன்னால் திறந்துவிட்டாலும் பச்சை வெளியே தெரியாது. அந்தப் பட்டையும் இல்லாமல் முழுவதும் மூடினால் தோன்புரி. முழங்கை, மணிக்கட்டு என்ற இந்த நிறுத்தங்கள் ஏதேச்சையாக வந்தவை அல்ல. சட்டைக்குள் மறைத்துவைத்து, விரும்பியபோது மட்டும் காட்டுவது இந்தக் கலையின் ஒழுக்கமாகவே இருந்துவருகிறது.

இரண்டாம் படி: ஓரத்தைப் பாருங்கள்

பச்சை முடியும் ஓரத்துக்கு மிகிரி என்று பெயர். பியோனி இதழ்போல் வளைவு வளைவாக முடிவது பொதான் மிகிரி. பைன் ஊசியிலைபோல் கூராக முடிவது மட்சுபா மிகிரி. கறுப்பு மெல்ல மெல்லக் கரைந்து தோலோடு கலந்துபோவது அகேபோனோ மிகிரி. விடியல் என்று பொருள். நேராக வெட்டி நிறுத்துவதும் உண்டு.

செய்யவேண்டியது எளிது. இரண்டு கைகளின் ஓரமும் ஒரே உயரத்தில், ஒரே பாணியில் முடிகிறதா என்று பாருங்கள். பிறகு மார்பு ஓரத்துக்குப் போங்கள். ஒரு கையில் இதழ் வளைவும் மறு கையில் கரைந்த ஓரமும் இருந்தால், வேலை திட்டமிடாமல் துண்டுதுண்டாக வளர்ந்திருக்கிறது. கரைந்த ஓரத்தைப் படிப்படியாக இறக்குவது மிகக் கடினமான வேலை. தடம் தடமாகத் தெரியாமல் கறுப்பு எங்கே தோலாக மாறியது என்று சுட்டிக்காட்ட முடியாதபடி இருந்தால், அந்தக் கையை மதிக்கலாம்.

மூன்றாம் படி: பின்னணியில் நேரம் செலவிடுங்கள்

வேறு எதற்குச் செலவிடுவதைவிடவும் அதிக நேரத்தை இங்கே செலவிடச் சொல்வோம்.

ஹோரிமோனோவில் பின்னணி வெறும் நிரப்பு வேலை அல்ல. காற்றும் மேகமும் நீரும் பாறையும் சேர்ந்து உடலின் எல்லாப் பகுதிகளையும் ஒரே படமாகக் கட்டுகின்றன. பின்னணி உள்ள வேலை காகுபோரி, பின்னணி இல்லாமல் உருவம் மட்டும் நின்றால் நுகிபோரி. இரண்டும் மரபில் உண்டு. ஆனால் கை, முதுகு, தொடை எல்லாம் சேர்ந்து ஒரே உடையாகத் தெரிவது காகுபோரியில்தான்.

ஒரு பயிற்சி: படத்தின் மேல் மெல்லிய தாளை வைத்து, அல்லது டேப்லெட்டில் தனி அடுக்கு போட்டு, முதன்மை உருவத்தை விட்டுவிட்டுப் பின்னணியை மட்டும் பென்சிலால் வரையுங்கள். பதினைந்து நிமிடம் ஆகும். வரையும்போது இவற்றைக் கவனியுங்கள். நீர் பொதுவாகக் கீழே, காற்றும் மேகமும் மேலே. நீர் முடிந்து காற்று தொடங்கும் இடத்தில் பாறையோ நுரையோ உருவத்தின் உடலோ அந்த மாற்றத்தை ஏற்கவேண்டும். திடீரென அலை நின்று மேகம் தொடங்கக் கூடாது. காற்றுப் பட்டைகள் தசையின் போக்கோடு வளைகின்றனவா, குறுக்கே வெட்டுகின்றனவா? தோள்பட்டையைச் சுற்றி வளைந்து வரும் பட்டை தோளைப் பெரிதாகக் காட்டும். குறுக்கே போகும் பட்டை உடலைத் தட்டையாக்கிவிடும்.

பிறகு மூட்டுகள். அக்குள், முழங்கையின் உட்பக்கம், பிட்டத்துக்கும் தொடைக்கும் நடுவிலுள்ள மடிப்பு, இந்த மூன்றும்தான் சோதனைக் களம். கை தொங்கும்போது மேல்கையின் அலை விலாவின் அலையோடு சேரவேண்டும். கை மடங்கும்போது அந்த இடத்தில் சுருங்கிக் கெடக்கூடிய முகமோ கண்ணோ இருக்கக் கூடாது. நல்ல ஹோரிஷி இந்த இடங்களில் எப்போதும் காற்றையோ நீரையோதான் வைப்பார். கையில் இருக்கும் டிராகனின் மூக்கு முழங்கை மடிப்பில் விழுந்திருக்கும் படங்களை நிறையப் பார்க்கலாம். தாளில் அழகாக வரைந்து, அதை அப்படியே தோலில் ஒட்டியதால் வரும் பிழை அது.

பின்னணி ஏன் இவ்வளவு கறுப்பு என்று பலர் கேட்பார்கள். சிவப்பும் மஞ்சளும் பச்சை நிறமும் வெறும் தோல்மேல் நின்றால் வருடங்கள் போகப்போக மங்கி ஓரம் கலைந்துவிடும். கறுப்பு சூழ்ந்தால் நிறம் வெளுத்த பிறகும் உருவம் தனித்து நிற்கும். அதோடு கறுப்பை ஒரே அளவில் பூசுவதில்லை. கெட்டியான கறுப்பிலிருந்து இலேசான சாம்பல் வரை மையை நீரில் பல அளவுகளில் கரைத்துத் தனித்தனிக் கிண்ணங்களில் வைத்துக்கொண்டு ஏற்றுகிறார்கள். இந்த நிழல் வேலைதான் போகாஷி. நுரையும் பட்டையின் ஓரமும் வெளிச்சமாகத் தெரிவது வெள்ளை மையால் அல்ல, மை படாமல் விட்ட தோலால்.

நான்காம் படி: எது எதோடு சேரும்

உருவங்கள் ஜோடியாக வரும். ஜோடியை அறிந்தால் பாதி கதை புரிந்துவிடும்.

கராஷிஷி என்ற சிங்கத்தோடு பியோனி மலர் வரும். தன் உடலுக்குள்ளேயே இருந்து வருத்தும் பூச்சியைச் சிங்கம் பியோனியின் பனித்துளியால் போக்கிக்கொள்கிறது என்பது கதை. புலியோடு மூங்கில், மூங்கில் காட்டுக்குள் யானை நுழையமுடியாது என்பதால் புலி அங்கே ஒளிந்துகொள்கிறது என்று ஒரு விளக்கம் சொல்வார்கள். கோய் என்ற கெண்டை மீன் அருவியை எதிர்த்து ஏறும். சீனத்து மஞ்சள் ஆற்றின் டிராகன் வாயிலைத் தாண்டினால் அது டிராகனாகிவிடும். அதனால் ஒரு கையில் மீன், மறு கையில் டிராகன் என்று இருந்தால் அவை இரண்டும் ஒரே கதையின் தொடக்கமும் முடிவும்.

பருவம் அடுத்தது. செர்ரி மலர் வசந்தம், பியோனி கோடையின் தொடக்கம், மேப்பிள் இலையும் செவ்வந்தியும் இலையுதிர் காலம். ஒரே படத்தில் செர்ரி இதழும் மேப்பிள் இலையும் உதிர்ந்தால், அறிந்தவர் கண்ணுக்கு அது உறுத்தும். சிலர் வேண்டுமென்றே ஒரு பக்கம் வசந்தம், மறு பக்கம் இலையுதிர் காலம் என்று பிரித்து வைப்பதுண்டு; அது பிழையில்லை. பூவை அடையாளம் காண ஒரு குறிப்பு: செர்ரி இதழின் நுனியில் சிறு பிளவு இருக்கும், பிளம் இதழ் பிளவில்லாமல் உருண்டையாக இருக்கும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாத கலைஞர் மற்ற பூக்களையும் கவனித்து வரைந்திருப்பார்.

டிராகனைச் சோதிக்க விரல் போதும். ஜப்பானிய டிராகனுக்குப் பெரும்பாலும் மூன்று நகம். தலையிலிருந்து அடிவயிற்றுப் பட்டைகளை விரலால் தொடருங்கள். உடல் ஒவ்வொரு முறை முறுக்கும்போதும் வயிறு சரியான பக்கத்தில் வெளிப்படுகிறதா? உடல் ஒரு மேகத்துக்குள் நுழைந்தால் வெளியே வரும் இடத்தில் அதே தடிமனில் வருகிறதா? நான்கு கால்களையும் எண்ணுங்கள். ஒன்று மறைந்திருந்தால் அது எங்கே இருக்கமுடியும் என்று ஊகிக்க முடியவேண்டும். அனுபவம் குறைந்தவர்களின் டிராகன் வால் பக்கம் போகும்போது எங்கேயோ ஒரு முறுக்கில் வயிறு முதுகாகிவிடும். செதிலுக்கும் எண் உண்டு: டிராகனுக்கு 81 என்றும், கோயின் பக்கவாட்டு வரிசைக்கு 36 என்றும் மரபில் சொல்வார்கள். யாரும் எண்ணிச் சரிபார்ப்பதில்லை. ஆனால் செதில் வரிசை உடலின் முறுக்கோடு முறுக வேண்டும் என்பதில் விட்டுக்கொடுப்பு கிடையாது.

ஹன்யா என்ற கொம்புள்ள முகம் நோ என்ற ஜப்பானிய மரபு நாடகத்தின் முகமூடி. பொறாமையால் பேயாக மாறிய பெண் அது. வெறும் கோபமாக மட்டும் வரைந்தால் பாதிதான். மேடையில் அந்த முகமூடியைச் சற்றுக் குனிந்தால் அழுவதுபோலவும் நிமிர்ந்தால் மிரட்டுவதுபோலவும் தெரியும்படி செதுக்கியிருப்பார்கள். புருவத்தில் துயரம் தெரிகிறதா என்று பாருங்கள்.

நமக்கு மிகவும் பழக்கமான சிலரையும் அங்கே சந்திக்கலாம். வாளும் கயிறும் ஏந்தி, தீக்கு நடுவே பாறைமேல் நிற்கும் ஃபுடோ மியோஓ, வடமொழியில் அசலநாதர். ஒரு கோரைப்பல் மேலே, ஒன்று கீழே. முறைத்தாலும் காக்கும் தெய்வம். வீணை போன்ற பிவாவோடு வரும் பென்சைதென் நம் சரஸ்வதி. தைஷாகுதென் இந்திரன். கன்னோன் அவலோகிதேஸ்வரர். தாடியும் விழித்த கண்ணுமாகச் சிவப்புப் போர்வையில் வரும் தருமா, அதாவது போதிதர்மர், தென்னாட்டிலிருந்து சீனம் போனவர் என்பது பழைய மரபு. காஞ்சிபுரத்து இளவரசர் என்று சொல்லும் மரபும் இருக்கிறது. தெய்வங்களோடு வரும் ஒற்றை எழுத்துகள் பொன்ஜி எனப்படும், சித்தம் என்ற இந்திய வரிவடிவ எழுத்துகள். அவையும் நம் தமிழ் எழுத்தும் பிராமியிலிருந்து கிளைத்தவை. தெய்வ உருவங்களை இடுப்புக்குக் கீழே வைப்பதைப் பல ஹோரிஷிகள் மறுத்துவிடுவார்கள். நம் ஊரில் இதற்கு விளக்கம் தேவையில்லை.

ஐந்தாம் படி: கோட்டையும் நிழலையும் அருகில் பாருங்கள்

இப்போது பெரிதாக்கலாம். வெளிக்கோடு சுஜிபோரி. நீண்ட வளைவில் தடிமன் மாறாமல், ஒட்டுப்போட்ட இடம் தெரியாமல் ஓடவேண்டும். கோட்டைச் சுற்றி நீலப் புகைபோல் கசிந்திருந்தால் ஊசி அளவுக்கு மீறி ஆழம் போயிருக்கிறது. மை அமரவேண்டியது மேல்தோலுக்குக் கீழே, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில். அதற்குக் கீழே போனால் பரவும். மேலேயே நின்றால் தோல் உரியும்போது மையும் போய்விடும்.

தெபோரியில் மூங்கில் அல்லது எஃகுக் கோலின் நுனியில் ஊசிகளை வரிசையாகக் கட்டியிருப்பார்கள். கோட்டுக்குச் சில ஊசிகள், நிழலுக்கு இரண்டு வரிசையில் பல ஊசிகள். இடக்கை தோலை இழுத்துப் பிடிக்கும், அதன் கட்டைவிரல்மேல் கோல் தாங்கிநிற்கும், வலக்கை சாய்வாக உள்ளே தள்ளி இலேசாக நெம்பி எடுக்கும். நொடிக்கு இரண்டு மூன்று குத்து. இயந்திரம் நொடிக்கு நூறு முறை அளவில் குத்தும். ஒவ்வொரு குத்திலும் அதிக மை இறங்குவதால் தெபோரி நிறம் அடர்த்தியாக, அதேசமயம் மென்மையாக ஆறும் என்று அதைச் செய்பவர்கள் சொல்கிறார்கள். நன்றாகச் செய்த போகாஷியைப் பார்த்தால் அதை ஒப்புக்கொள்ளத் தோன்றும்.

ஆனால் தெபோரி என்றாலே உயர்வு, இயந்திரம் என்றாலே தாழ்வு என்று முடிவுகட்ட வேண்டாம். இன்று மதிக்கப்படும் மரபுக் கலைஞர்கள் பலர் கோட்டை இயந்திரத்தாலும் நிழலைக் கையாலும் செய்கிறார்கள். யோகஹாமா நகரத்தின் புகழ்பெற்ற ஹோரிஷியான மூன்றாம் ஹோரியோஷியே கோட்டுக்கு இயந்திரத்தைக் கையில் எடுத்தவர்தான்.

கலைஞர்களை அறிந்துகொள்ள

மரத்தில் செதுக்கி அச்சிடும் ஓவியமும் பச்சையும் ஒன்றையொன்று வளர்த்தவை. 1827இல் உதகாவா குனியோஷி, சீனத்து 108 வீரர்களின் கதையான சூய்கோதெனை வைத்து ஓர் ஓவிய வரிசையைத் தொடங்கினார். ஒன்பது டிராகன்களை உடலில் தாங்கிய ஷிஷின், மலர்களைத் தாங்கிய துறவி ரோச்சிஷின் என்று பச்சை குத்திய உடல்களை அதில் வரைந்தார். எடோ நகரத்துத் (இன்றைய டோக்கியோ) தீயணைப்பு வீரர்களும் கட்டடத் தொழிலாளிகளும் பல்லக்குத் தூக்கிகளும் அந்த வீரர்களைத் தங்கள் முதுகில் குத்திக்கொண்டார்கள். பச்சை குத்திய வீரனை அவன் பச்சையோடு சேர்த்து முதுகில் குத்துவதற்கு நிஜூபோரி, இரட்டைப் பச்சை என்று பெயர். பார்க்கப் பழகுபவர்களுக்கு இந்த ஓவிய வரிசைதான் பாடநூல். பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகமும் பிரிட்டிஷ் மியூசியமும் குனியோஷியின் ஓவியங்களை இணையத்தில் பெரிய அளவில் வைத்திருக்கின்றன. ஓர் ஓவியத்தையும் அதே வீரனின் முதுகுப் பச்சையையும் அருகருகே வைத்து, தாளிலிருந்து உடலுக்கு வரும்போது எது மாறியது என்று குறித்துப் பாருங்கள்.

1872இல் ஜப்பானின் அன்றைய மெய்ஜி அரசு பச்சையைத் தடை செய்தது. மேற்கத்தியர் ஜப்பானியரை நாகரிகமற்றவர் என்று நினைப்பார்கள் என்ற கவலை. ஆனால் அதே மேற்கத்தியர் ஜப்பான் வந்து குத்திக்கொண்டு போனார்கள். பின்னாளில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரான பிரிட்டிஷ் இளவரசர் 1881இலும், ரஷ்யாவின் இரண்டாம் நிக்கோலாஸ் 1891இலும் குத்திக்கொண்டார்கள். தடை நீங்கியது 1948இல். அந்த 76 வருடமும் மறைவில் வேலை செய்தே மரபைக் காப்பாற்றினார்கள் என்பதை நினைத்தால், இன்றும் பலர் பெயர்ப்பலகை இல்லாத வீட்டில் வேலை செய்வது ஏன் என்று புரியும். யகுசா என்ற குற்றக் கும்பல்களோடு பச்சையைச் சேர்த்துப் பார்க்கும் வழக்கம் போருக்குப் பிந்தைய சினிமாவால் இன்னும் இறுகியது. யகுசாக்கள் குத்திக்கொள்வது உண்மை. ஆனால் இந்தக் கலை அவர்களுடையது மட்டும் அல்ல, அவர்களிடமிருந்து தொடங்கியதும் அல்ல.

பெயரில் வரும் ஹோரி, செதுக்குதல் என்ற வினையிலிருந்து வந்தது. குரு தன் சீடருக்கு அந்தப் பெயரைக் கொடுப்பார். சீடர் பல வருடம் கூட இருந்து இடத்தைச் சுத்தம் செய்து, ஊசி கட்டி, மை அரைத்து, வரைந்து பழகி, தன் தொடையிலேயே குத்திப் பார்த்த பிறகுதான் அடுத்தவர் தோலைத் தொடுவார். பெயர் தலைமுறை தலைமுறையாக வரும். யோகஹாமாவின் மூன்றாம் ஹோரியோஷி, 1946இல் பிறந்தவர், முதலாம் ஹோரியோஷியிடம் பயின்றவர். டோக்கியோவில் அதே ஒலியுள்ள வேறொரு ஹோரியோஷி மரபு இருந்தது, எழுத்து வேறு. எனவே பெயரை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல், எந்த ஊர், யாருடைய சீடர், எத்தனையாம் தலைமுறை என்ற மூன்றையும் கேளுங்கள். ஹோரி என்று தானே சூட்டிக்கொள்பவர்களும் இன்று பலர்.

கிஃபு நகரத்து ஹோரிஹிதேயிடம் அமெரிக்கர் டான் எட் ஹார்டி 1973இல் வேலை கற்கப் போனது, இந்தக் கலை கடல் தாண்டியதில் ஒரு முக்கியமான திருப்பம். மூன்றாம் ஹோரியோஷியின் சீடர் மரபில் வந்த ஹோரிதகா, ஹோரிதொமோ இருவரும் கலிஃபோர்னியாவின் சான் ஹொசேயில் வேலை செய்தவர்கள். சீடர் முறைக்கு வெளியே, தானே கற்று மேலே வந்த யோகஹாமா ஷிகேயின் வேலைகளையும் பாருங்கள். மரபின் இலக்கணம் அங்கே எப்படி நெகிழ்கிறது என்று ஒப்பிடலாம்.

கலைஞரின் கையெழுத்து முதுகிலோ கையிலோ சிறு நீள்சதுரக் கட்டத்துக்குள் இருக்கும். முழு வேலையும் முடிந்த பிறகு இடுவது வழக்கம். எனவே கட்டம் காலியாக இருந்தால் அந்த உடலில் வேலை இன்னும் நடக்கிறது.

நேரில் பார்க்கப் போனால்

மே மாதத்தின் மூன்றாவது வார இறுதியில் டோக்கியோ அசகுசாவில் நடக்கும் சன்ஜா திருவிழாவில், வழக்கமாக மறைத்தே வைக்கும் பச்சைகள் வெளியே தெரியும். கூட்டத்தில் யாருடைய முதுகையும் தொடாதீர்கள். படம் எடுக்கும் முன் "ஷாஷின் ஓ தொத்தேமோ ஈ தெசு கா" என்று கேளுங்கள். கையசைத்து மறுத்தால் அங்கேயே கேமராவை இறக்கிவிடுங்கள். அனுமதி தந்தவரின் முகத்தை இணையத்தில் போட இன்னொரு அனுமதி வேண்டும். பலருக்கு அலுவலகம் இருக்கிறது.

ஹோரிஷியின் இடத்துக்கு முன்னறிவிப்பு இல்லாமல் போகக் கூடாது. குத்தப்படும் ஒருவர் அங்கே அரைகுறை ஆடையில் வலியோடு படுத்திருப்பார். கூடத்தில் வாசனைத் திரவியம், செல்பேசிப் பேச்சு எதுவும் வேண்டாம்.

உங்கள் உடலில் பச்சை இருந்தால் வெந்நீர் ஊற்றுக் குளியலுக்கு முன்கூட்டியே விசாரியுங்கள். ஜப்பான் சுற்றுலாத் துறை 2015இல் எடுத்த கணக்கெடுப்பில், பதில் தந்த விடுதிகளில் 56 சதவீதம் பச்சை குத்தியவர்களை அனுமதிப்பதில்லை என்றன. 13 சதவீதம் மறைத்துக்கொண்டு வந்தால் போதும் என்றன. கினோசாகியின் பொதுக்குளியல் கூடங்களிலும் மட்சுயாமாவின் தோகோ ஊற்றிலும் தடை இல்லை.

நீங்களே குத்திக்கொள்ள நினைத்தால்

அவசரமே வேண்டாம். மேலே சொன்ன ஐந்து படிகளையும் குறைந்தது இருபது முதுகுகளில் பழகிப் பாருங்கள். அதற்குள் உங்களுக்கு எந்தக் கை பிடிக்கிறது என்று தெரிந்துவிடும். பிறகு கலைஞரிடம் மற்றவர் உடலில் உள்ள படத்தைக் காட்டி "இதே வேண்டும்" என்று கேட்காதீர்கள். அது இன்னொரு உடலுக்காக அமைத்த வேலை. நல்ல கலைஞர் மறுப்பார். பொருளையும் பருவத்தையும் சொல்லுங்கள், அமைப்பை அவரிடம் விடுங்கள்.

முழு முதுகுக்கு 50 முதல் 100 மணி நேரம் வரை ஆகலாம். ஒரு அமர்வு ஒன்றிரண்டு மணி. 80 மணி நேர வேலை, வாரம் ஒரு முறை இரண்டு மணி என்று போனால் 40 அமர்வு. நடுவில் வரும் இடைவெளிகளையும் சேர்த்தால் ஒரு வருடத்தை எட்டிவிடும். மணிக்கு 10,000 யென் என்று வைத்தாலே 8 லட்சம் யென். முழு உடல் என்றால் வருடக் கணக்கு. பணமும் காலமும் பாதியில் தீர்ந்துபோய், கோடு மட்டும் போட்டு நின்றுவிட்ட முதுகுகள் நிறைய இருக்கின்றன. சிறிதாகத் தொடங்கிப் பிறகு வளர்க்கலாம் என்ற யோசனைதான் இங்கே அதிகம் கெடுக்கிறது: தோளில் ஒரு பூவை இன்றைக்குக் குத்திவிட்டால், நாளைக்கு முதுகு முழுவதும் வரப்போகும் காற்று அந்தப் பூவுக்கு வளைந்துகொடுத்தாகவேண்டும். பிற்பாடு முழுக் கை வேண்டுமென்றால், முதல் நாளே முழுக் கைக்கும் வரையச் சொல்லுங்கள்.

நம் தோல் நிறத்துக்கு ஒரு கணக்கு உண்டு. மை மேல்தோலுக்குக் கீழே இருக்கிறது, மெலனின் மேல்தோலில் இருக்கிறது. அதாவது நம் தோல் நிறத்தின் வழியாகத்தான் பச்சையின் நிறம் தெரியும். வெளிர் நீலம், இளஞ்சிவப்பு, வெளிர் மஞ்சள் எல்லாம் ஆறிய பிறகு கிட்டத்தட்ட மறைந்துவிடும். கெட்டியான கறுப்பு, ஆழ்ந்த சிவப்பு, அடர் பச்சை நன்றாக நிற்கும். நிழலின் நடுவே விடும் வெறும் தோல் இடைவெளிகளை வெளிறிய தோலில் விடுவதைவிட அகலமாக விடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் சாம்பலும் தோலும் ஒன்றாகிவிடும். ஆறிய மாநிறத் தோலின் படங்களைக் காட்டும்படி கலைஞரிடம் கேட்பது உங்கள் உரிமை. தழும்பு தடித்து வளரும் கீலாய்டு உங்களுக்கோ குடும்பத்திலோ இருந்தால் தோல் மருத்துவரைப் பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள். அலர்ஜி அதிகம் வருவது சிவப்பு மையால் என்பதால், முதலில் ஒரு சிறு இடத்தில் குத்தி ஒரு மாதமாவது பொறுத்துப் பார்ப்பது நல்லது.

ஊசி உறையிலிருந்து உங்கள் கண்முன்னால் பிரிக்கப்படவேண்டும். மூங்கில் கோலைக் கொதிகலத்தில் கிருமி நீக்க முடியாது. அதனால் பல தெபோரிக் கலைஞர்கள் எஃகுக் கோலுக்கு மாறிவிட்டார்கள். எந்தக் கோல், எப்படிச் சுத்தம் செய்கிறீர்கள் என்று கேட்டால் நல்லவர்கள் கோபப்பட மாட்டார்கள். ஜப்பானில் 2020 செப்டம்பரில் வந்த உச்ச நீதிமன்ற முடிவுக்குப் பிறகு பச்சை குத்த மருத்துவ உரிமம் தேவையில்லை என்பது உறுதியாகிவிட்டது. எனவே சுத்தத்தை நேரில் பார்த்துத் தெரிந்துகொள்ளும் பொறுப்பு உங்களுக்கும் இருக்கிறது.

குத்திய பிறகு இரண்டு வாரம் பொருக்கைக் கிள்ளாதீர்கள், மூன்று நான்கு வாரம் குளம், கடல், நேர் வெயில் வேண்டாம். அதே இடத்தில் மறுபடி ஊசி படுவதற்கு மூன்று நான்கு வாரம் இடைவெளி விடுங்கள்; வாராவாரம் போகிறவர்களுக்கு வேறு வேறு இடங்களில்தான் வேலை நடக்கும். இந்தியாவில் இரத்த தானம் செய்பவராக இருந்தால், ஒவ்வொரு அமர்வுக்குப் பிறகும் 12 மாதம் தானம் செய்யமுடியாது. முதுகு முடியும் வரையும் அதற்குப் பின் ஒரு வருடமும் அந்தக் கணக்கு ஓடும். இராணுவம், காவல் துறை வேலைக்கு முயல்பவர்கள் அங்குள்ள பச்சை விதிகளை முதலில் படித்துவிடுங்கள்.